மரை

மரை என்றால் மான்.
திருகாணி கடித்து ஏறும் புரியும் மரைதான்.
ஃபிக்ரெதாவுக்குத் தமிழ் தெரியாது,
இரண்டையும் தெரியும்.

மார்செய் பக்கத்து விமானத் திடலில்
அறுபத்தேழில் முதன்முதலாய் எம்பியது அந்தக் குட்டி.
கஸேல் என்று பாலைமானின் பெயரிட்டார்கள்.
யுகோஸ்லாவியா உரிமம் வாங்க
பிறகு மோஸ்தாரிலும் பிறந்தது.
வாலுக்குள் புதைத்த விசிறி, பதின்மூன்று இதழ்.
எண்பத்தெட்டில்
ஒவ்வொரு மரையையும் முறுக்கிப் பார்த்து
மஞ்சள் பொட்டு வைத்தவள் இவள்.
பொட்டு விலகியிருந்தால் மரை தளர்ந்திருக்கிறது.

பெரிய ஹெலிகாப்டர் காற்றை அடித்துத் துவைத்துக்கொண்டு வரும்.
இது சீழ்க்கையடிக்கும்.
தொண்ணூற்றிரண்டில் ஒரு நிலவறையில்
"எது அது?" என்று மற்றவர்கள் கேட்குமுன்
அவளுக்குத் தெரிந்துவிட்டது.
சொல்லவில்லை.

இப்போது கோதன்பர்க்கில் டிராம் ஓட்டுகிறாள்.
இரவுகளில் இஸ்திரி மேசைமேல் ஜாய்ஸ்டிக்,
காதில் ஹெட்செட்.
ஓட்டுபவன் நீஷ் நகரத்து ராதிவோய்,
முகம் பார்த்ததில்லை, குரலுக்கு முப்பது வயது.
குறி பார்ப்பவள் இவள்.
"ஒரு ஆணிகூட விடாமல் வரைந்திருக்கிறார்கள்!" என்பான்.
திரையில் எண்ணினாள்:
விசிறியில் பன்னிரண்டே இதழ்.

"அப்பா இதைத்தான் ஓட்டினார்" என்றான் ஒருநாள்,
தீப்பெட்டி கேட்கிற தொனியில்.
எங்கே என்று இவள் கேட்கவில்லை.
அவனுக்கும் தெரியாதிருக்கலாம்.

நேற்று
பைன் மரங்களுக்குப் பின்னே பம்மி
கண்ணாடித் தலையை மட்டும் உயர்த்தினான்.
ஏவுகணை ஒரு கம்பியை இழுத்துக்கொண்டு போகும்.
போய்ச் சேரும்வரை
குறிக்கோட்டை லாரிமேல் பிடித்திருக்க வேண்டும்,
பதினோரு விநாடி.
லாரியில் ஆளில்லை, வெறும் நிரல்.
பக்கத்தில் ஒரு வீடு, ஓட்டுக் கூரை.
அதற்கடியில் நிலவறை வரைய
யாரும் மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

எட்டாவது விநாடியில்
குறிக்கோடு மலைப்பக்கம் நகர்ந்தது.
புழுதி எழுந்தது, கலைந்தது,
மலையில் கீறல்கூட இல்லை.

"ஐயோ, விட்டுட்டியே!"
"கை வழுக்கிவிட்டது."

நாலேகாலுக்குப் பணிமனை.
பதினொன்றாம் எண் டிராம், கடல் வரைக்கும்.
வளைவுகளில் சக்கரம் கிறீச்சிட்டது,
அந்தச் சத்தம் அவளை ஒன்றும் செய்வதில்லை.
ராதிவோயின் செய்தி: "ராத்திரி எட்டுக்கு?"

கடைசி நிறுத்தத்தில்,
எல்லாரும் இறங்கியபின், பதில் தட்டினாள்:
"சரி. ஆனால் நான் ஓட்டுகிறேன்.
குறியில் நீ உட்கார்."