ஓட்டோக் கண்ணாடியில் ஒரு பொட்டு

முதல் பாடம்:
எஞ்சின் மூடிக்கு மேலே நான்கு விரல் தள்ளித் தொடுவானம்.
அங்கேயே பிடித்துக்கொள்,
விமானம் ஏறவும் மாட்டாது, இறங்கவும் மாட்டாது.

கமரா பின்சீட்டில் இருக்கிறது.
எனக்குத் தெரிவது ஒரு பிடரி, ஒரு தோள்,
படிக்கிறவனின் இடக்கை, நகம் கடித்த பெருவிரல்.
நாற்பத்தொரு வீடியோவிலும் அவன் முகத்தைப் பார்த்ததில்லை.
பிழைகள் மட்டும் அத்துப்படி:
பதறினால் டயல்களுக்குள் குனிந்துவிடுவான்.
சொல்லிக்கொடுக்கிறவள் ஒன்றும் பேசாமல்
தன் தொப்பியைக் கழற்றி டயல்கள்மேல் கவிழ்ப்பாள்.
"வெளியே பார்."

வெளியே பார் என்பதை
ஆறங்குலக் கண்ணாடிக்குள் குனிந்து
நான் படிக்கிறேன்.

ஏழே காலுக்குப் பிள்ளைகளை இறக்கினால்
ஒன்றரை வரைக்கும் அப்புத்தளை ஸ்டாண்டில் சும்மாதான்.
"பிளேனை எங்க நிப்பாட்டுவ மலர், கோயில் கிரவுண்டிலயா?"
என்பான் பௌஸர். ரயில் கடந்து முடியும்வரை சிரிப்பான்.
இரத்மலானையில் ஒரு பள்ளிக்கு ஒருதரம் கோல் எடுத்தேன்.
சொன்ன தொகையை பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி,
பூச்சியங்களை எண்ணி,
அதற்குக் கீழேயே அன்றைய பெற்றோல் கணக்கையும் எழுதினேன்.

காசு மட்டுமா?
எங்களூரில் தொடுவானமே கிடையாது.
எந்தப் பக்கம் நிமிர்ந்தாலும் ஒரு மலை,
படம் பார்க்கையில் முன்வரிசையில் எழுந்து நிற்கிற ஆள் மாதிரி.
கணவாய் திறந்திருக்கும் காலைகளில்
தெற்கே, கீழே, இன்னும் கீழே,
சமவெளி தீர்ந்துபோகிற இடத்தில் ஒரு வெள்ளிக் கோடு.
கடல் என்கிறார்கள். எனக்கு அது கோடு.
கையை நீட்டி நான்கு விரலால் அளப்பேன்.
பத்து மணிக்கு மூடுபனி ஏறி வந்து
கோட்டைத் துடைத்துவிடும்.

இருபத்தாறாம் பாடம், தரையிறங்குவது.
கண்ணாடியில் எல்லாம் நழுவி ஓடும்;
எது மேலேறாமல், கீழிறங்காமல்,
நின்ற இடத்திலேயே பெருக்கிறதோ
அங்கேதான் போய்ச் சேருவாய்.

நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை உரித்து
முன்கண்ணாடியில் ஒட்டினேன்.
"ஓட்டோவுக்கு எதுக்கக்கா பொட்டு?
அதுக்கும் கல்யாணமா?" என்றாள் நிலுக்ஷி, ஆறாம் வகுப்பு.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம்.
மேல்டிவிஷன் வளைவுக்கு முந்தின நேர்த்துண்டு. பனி.
பின்னால் ஐந்து பிள்ளைகள், ஐந்து பைகள், ஒரு நனைந்த குடை.
கடை வெளிச்சம் பொட்டைத் தாண்டி நழுவியது.
கோயில் வெளிச்சம் நழுவியது.
ஒன்று மட்டும் நழுவவில்லை.
பொட்டை ஒட்டியபடி மிளகளவு, அப்புறம் எலுமிச்சையளவு,
அப்புறம்
நான் யோசித்தேனா தெரியாது,
இடப்பக்கம் தேயிலைக்குள் இறக்கினேன்.
ஹோர்ன்கூட அடிக்காமல் போனது கொழுந்து லொறி.

முறிந்த செடி மூன்றுக்கும் விலை போட்டு
துண்டெழுதித் தந்தார் பீல்ட் ஒபிசர்.
நிலுக்ஷி வீட்டில் சொன்னாளாம்:
அக்கா இன்றைக்கு லேண்ட் பண்ணினாங்க.

நேற்றிரவு நாற்பத்திரண்டாம் பாடம். மலைகளுக்குள் பறப்பது.
பள்ளத்தாக்கின் நடுவே போகாதே என்கிறாள்.
நடுவே போனால், திரும்ப வேண்டி வருகையில்
பாதி அகலம்தான் கையில்.
ஒரு மலையை ஒட்டிப் போ,
மற்ற மலைவரைக்கும் இடமிருக்கும்.

படிக்கிறவன் ஒட்டவில்லை. பாறை அவனை விரட்டுகிறது.
"இன்னும் கிட்ட," என்றேன் போனிடம்,
லயத்தில் எல்லோரும் தூங்க, போர்வைக்குள்,
"இன்னும் கொஞ்சம் கிட்ட."
அவன் டயல்களுக்குள் குனிந்தான்.
அவள் கை தொப்பிக்குப் போனது.
டேட்டா முடிந்தது.

விடிந்து கடை திறந்து ரீலோட் போடும்வரை
விமானம் அந்தரத்தில் நிற்கிறது,
நகம் கடித்த பெருவிரலும், பாதியில் நின்ற கையும்,
கண்ணாடி நிறைய
யாருடையதோ தெரியாத ஒரு மலையும்.