ஒன்பது அங்குலம்

கிஸ்ணசாமி கடையில்
ரப்பர் மீன்கள் ஆணியில் தொங்குகின்றன
பொட்டலம் பொட்டலமாய்.
ஒன்றுக்கும் கண் மூடத் தெரியாது.

ஐந்து அங்குலம் போதும் என்கிறார்.
ஐந்து அங்குலத்தை உம்கோமாஸ் பாறையில் நின்று
மூன்று வாரம் வீசியாயிற்று.
உள்ளங்கை நீளக் குஞ்சுகள் வந்து
வாலை மட்டும் கொறித்துவிட்டுப் போயின,
கல்யாண வீட்டில் அப்பளத்தை மட்டும் நொறுக்கும் பிள்ளைகள் போல.
எனக்கு வேண்டியது பந்திக்கு முந்தாத மீன்.
பொந்துக்குள் கிடந்து
யோசித்து
ஒரே வாயில் முடிக்கிற கலவா.

ஒன்பது எடுங்கள் என்றேன்.
"அதை விழுங்குகிற மீன்
உன்னையும் சேர்த்து இழுத்துப் போகும், சரோஷினி."
போகட்டும்.
வாரத்தில் ஆறு நாள்
இசிப்பிங்கோ குளிர்கிடங்கில்
கோழிப் பெட்டி அடுக்குகிற கை இது.

வாலைச் சுண்டிப் பார்த்தேன்.
தடித்த வால் வேகமாய் இழுத்தால்தான் ஆடும்,
நானோ மெதுவாய் இழுப்பவள்.
வால் சேரும் இடம்
மெலிந்திருக்க வேண்டும், கொலுசு போட்ட கணுக்கால் மாதிரி.
ஐந்து பொட்டலம் தள்ளி வைத்தேன்.

அப்புறம் நிறம்.
வியாழக்கிழமை மழையில் ஆறு கலங்கி
முகத்துவாரமே பால் விடாத தேநீர்.
வெள்ளை நல்லாத் தெரியும் என்றார்.
அந்த இருட்டில் மீன் பார்ப்பது
நிறத்தை அல்ல, உருவத்தை
என்பது என் கட்சி.
கறுப்பை எடுத்தேன், திரும்ப மாட்டினேன்.
கடைசியில் கத்தரிக்காய் ஊதா,
வயிற்றில் கொஞ்சம் மினுக்கு,
முகர்ந்தால் சோம்பு.
நேற்று பிரியாணிக்கு வறுத்த அதே சோம்பு.

மூன்று உருப்படி, நூற்றெண்பது ராண்ட்.
அந்தக் காசுக்குச் சந்தையில் எவ்வளவு மீன் வரும் என்று
நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.

இதைத் தனிப் பெட்டியில் வை என்றார்.
தெரியும்.
போன வருடம் பூவேந்திரன்
வேறு கம்பெனி ரப்பரை என் பெட்டியில் போட்டு
வெயிலில் காரோடு விட்டுவிட்டார்.
இரண்டும் உருகி ஒட்டி
இரட்டைத் தலையோடு ஒரு பச்சைப் பிசின்.
அன்றிலிருந்து ஆளுக்கொரு பெட்டி.
இல்லறம் நன்றாகப் போகிறது.

ஞாயிறு, நாலரை மணி.
மூன்று அவுன்ஸ் ஈயத் தலையில்
ஊதாவைக் கோணாமல் ஏற்றினேன்.
கோணினால் அது நீந்தாது, சுழலும்.
சுழல்வதைத் தின்னும் அளவுக்கு
எந்தக் கலவாவும் முட்டாள் இல்லை.

வீசி, எண்ணினேன்.
பதினொன்றில் நூல் தளர்ந்தது: தரை.
தூக்கி, விட்டு, தூக்கி,
பாறை பிடித்துக்கொண்டது.
அறுபது ராண்ட்.

இரண்டாவது.
ஒன்பது, பத்து,
தரை தொடும் முன்பே ஓர் அறை.
கோல் வளைந்தது. பல்லைக் கடித்தேன்.
அலை பின்வாங்கும் நேரம் பார்த்து
ஏற்றிவிட்டேன் மேலே.

பன்னிரண்டு அங்குலம் இருந்தால் அதிகம்.
வாய்க்குள் பாதி ஊதா,
வெளியே பாதி வால்.
விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல்
என்னையே முறைத்தது
அந்தப் புள்ளிப் பயல்.

முள்ளைக் கழற்றக் குனிந்தபோதுதான்
கீழே நுரை விலகிய இடைவெளியில் பார்த்தேன்.
பழுப்பாய், அகலமாய்,
பயலைத் துரத்தி வந்த ஒன்று
பாறை விளிம்பு வரை ஏறி,
நின்று,
ஒருமுறை செவுளைத் திறந்து மூடி,
அவசரமில்லாமல் இறங்கிப் போனது.

பயலை வேறு பக்கம் விட்டேன்,
அதன் கண்ணில் படாதபடி.
ஊதாவில் இரண்டு வரிசைப் பல்தடம்.
லைட்டரால் லேசாய்க் காட்டித் தடவினேன்,
ஒன்றை மட்டும் ஆறவிடாமல் விட்டேன்.
விடிய இன்னும் கால் மணி இருந்தது.
மறுபடி எண்ணத் தொடங்கினேன்.