மூன்றாம் செவ்வாய்ப் படகு

கசப் என்று
முதல்முறை தமிழில் எழுதிப் பார்த்தபோது
பேனா தானாக ஒரு 'பு' சேர்த்துக்கொண்டது.
அடித்துவிட்டேன்.
ஆறு வருடமாக இந்த ஊரில்தான் சம்பளம்.

மாதத்தின் மூன்றாம் செவ்வாய்
ஆஸ்பத்திரிப் படகு கிளம்பும்.
தடுப்பூசிப் பெட்டி என் மடியில்.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது
எட்டைத் தாண்டக்கூடாது.
எனக்கு அப்படி எவரும் கோடு போடவில்லை,
நாற்பத்தாறில் உட்கார்ந்திருக்கிறேன்.

மலைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில்
கடலுக்குத் தான் கடல் என்பது மறந்துவிடும்.
அலை கிடையாது.
நாலு பக்கமும் மொட்டைப் பாறை ஏறி நிற்க
நடுவில் தண்ணீர்,
உச்சிக்குத் தூக்கிப்போய் வைத்த ஏரி மாதிரி.
ஒருமுறை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன்.
படகோட்டி தொபாரக்
அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறான்.

டாக்டர் இஹ்சானின் அறைக் காலண்டரில்
நிஜமாகவே அப்படியோர் ஏரி உண்டு.
மேகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்,
கோரையால் கட்டிய தீவு, அதன்மேல் குடித்தனம்.
வட்டத் தொப்பிக்காரி ஒருத்தி
கையசைத்தபடி நிற்கிறாள்.
அவள் பெயர் எங்கும் போடவில்லை.
காலுக்குக் கீழே முப்பத்தொரு தேதிகள்.

நாங்கள் போகிற இடம்
நிலப்படத்தில் தீவு இல்லை.
முதுகுப்பக்கம் மலை
மலைக்குப் பின்னால் மலை.
சாலை வராததால் தீவு.
ஏழு வீடு.
குடிதண்ணீர் படகில் வரும், மளிகை படகில் வரும்,
ஆடுகள் அட்டைப்பெட்டியைத் தின்னும்.

ஷம்சாவின் பேத்திக்கு ஒன்பது மாத ஊசி.
தொடையில் ஏற்றியதும் வீறிட்டது பிள்ளை.
அந்த அழுகை எதிர்ப் பாறைக்குப் போய்
கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.
பிள்ளை சட்டென்று நிறுத்தியது.
யார் அது
தன்னை மாதிரியே அழுவது?
வாயைத் திறந்தபடி
மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சுற்றுலாப் படகு.
கம்பளம் விரித்து, திண்டு போட்டு,
டால்பினை வரவழைக்க
நாற்பது பேர் சீட்டியடித்துக்கொண்டு.
டால்பின் வரவில்லை.
ஒலிபெருக்கி எங்கள் பக்கம் திரும்பியது:
"இங்கே மனிதர்கள் வசிக்கிறார்கள்."
எல்லா போனும் உயர்ந்தது.

ஷம்சா முகத்திரையை இழுத்துவிட்டாள்.
எனக்கு இழுத்துவிட ஒன்றுமில்லை.
பிள்ளை ஒரு கையில், பஞ்சு ஒரு கையில்.
ஒரு சிறுமி எனக்கு மட்டும் கையசைத்தாள்.
நானும் அசைத்துத் தொலைத்தேன்,
பஞ்சோடு.

எந்த ஊர்ச் சுவரிலோ
எந்தக் குளிர்பெட்டிக் கதவிலோ
மலையடியில் வாழும் பெண் என்று
நான் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும்.
திருச்செந்தூர்ப் பக்கத்து ஜெனோவா என்று
அவர்களுக்கு யார் சொல்வது?

"நாம் இன்னும் இருக்கிறோமா என்று
பார்த்துவிட்டுப் போகிறார்கள்,"
காவாவை ஊற்றினாள் ஷம்சா.
பேரீச்சம்பழத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

பதிவேட்டைத் திறந்தேன்.
குடியிருப்போர்: இருபத்துமூன்று என்றது பழைய பக்கம்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கசப் விடுதியில்.
ஆண்கள் பாதிப்பேர் ராசல் கைமாவில்.
ஒரு வீட்டில் கதவு மட்டும் இருந்தது.
எண்ணியபோது ஒன்பது.

பத்து என்றாள் ஷம்சா.
விரல் விட்டுக் காட்டினாள்.
கொழுந்தன், கொழுந்தன் மனைவி,
கண் தெரியாத அத்தை, மருமகள், பிள்ளை...
பத்தாவது விரல் மடங்கவில்லை,
என் கோப்பையைச் சுட்டிக்கொண்டு நின்றது.

அரசாங்கப் பதிவேடு.
ஒன்பது என்றுதான் எழுதினேன்.
எழுதும்போது கை கொஞ்சம் கனத்தது,
அதற்குக் கட்டம் இல்லை.

திரும்பும் வழியில்
பெட்டியின் முள் ஏழைத் தொட்டிருந்தது.
இன்னும் இரண்டு ஊர் பாக்கி.
"சீக்கிரம் விடு தொபாரக்," என்றேன்.
என் குரல் பாறைக்குப் போய்
மெதுவாகத் திரும்பி வந்தது,
அவன் ஏற்கெனவே விரைந்துகொண்டிருந்தான்.