பன்னிரண்டாவது பெயர்

பதினோரு பெயர் எழுதியாயிற்று.
பன்னிரண்டாவது வரியில் பேனா நிற்கிறது.
மில் சங்கு ஊதி அரைமணி ஆகிறது.

சேவுகனை எடுக்கலாமா என்பதுதான் கேள்வி.
முப்பத்தெட்டு வயது. இடது முட்டியில் பட்டை.
பதினாறு வருஷம் புதுவயல் அணியின் முதல் ஐவரில் ஒருவன்,
பந்தைக் கொண்டுபோகிறவன்.
இப்போது அந்த இடம் தவ்பீக்குடையது.
அதில் யாருக்கும் வழக்கில்லை, சேவுகனுக்கும்.

மாற்று கார்டு வேண்டும்.
கோச் ரெஜினால்டு கறாராகச் சொல்லிவிட்டார்:
"ஓடத் தெரிஞ்சவன் நாலு பேர் இருக்கான்.
உட்காரத் தெரிஞ்சவன் வேணும்."

அது எனக்கும் உறைத்தது.
முப்பது நிமிஷம் பெஞ்சில் ஆறிப்போய்க் கிடந்து
கூப்பிட்ட நொடியில் சூடாக எழுந்திருக்க
முட்டிக்கு மனசு மட்டும் போதுமா?
அணைந்த பாய்லரை மறுபடி மூட்ட
எத்தனை கூடை உமி, எவ்வளவு நேரம்,
அது மில்லில் அவனே பார்க்கிற வேலை.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன்.
கோட்டையூர்ப் பையன்களோடு பயிற்சி ஆட்டம்.
தளத்தில் படிந்திருந்த உமித்தூசியை
இரண்டு பேர் சாக்கு நனைத்து இழுத்தார்கள்.
அப்படியும் வழுக்கியது, இங்கே எப்போதும் வழுக்கும்.

நான் பந்தைப் பார்க்கவில்லை.
அவன் உட்காருவதைப் பார்த்தேன்.
பெஞ்சின் நுனி. முட்டிமேல் துண்டு.
தண்ணீர் பாட்டில் கைமாறிக் கைமாறிப் போனது,
அவன் குடிக்கவில்லை.
குதிகால் மட்டும்
இல்லாத தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தது.

தவ்பீக்குக்கு நாலாவது ஃபவுல்.
கோச் திரும்புவதற்குள்
துண்டு பெஞ்சில் மடிந்து கிடந்தது.

ஆறு நிமிஷம் ஆடினான்.
நான் கணக்குப்பிள்ளை, எழுதித்தான் வைத்தேன்.
வரவு: ஒன்றுமில்லை. எறிந்தது ஒன்று,
அது வளையத்தைக்கூடத் தொடவில்லை.
பற்று: பதினெட்டு வயதிருக்கும் ஒரு குட்டைப் பையன்
சேவுகனை இரண்டு முறை தாண்டிப் போனான்,
இரண்டாவது முறை சிரித்துக்கொண்டே.
நாலு புள்ளி.

ஆனால் ஒவ்வொரு தடவையும் இருபத்துநாலு விநாடியில்
இருபத்தொன்றைத் தின்ற பிறகுதான் பந்தை விட்டான்.
அவசரப்பட்ட அடைக்கலத்தை ஒரு விரலைக் காட்டி நிறுத்தினான்.
ஒருமுறைகூடப் பந்து பறிபோகவில்லை.
ஏழு புள்ளி முன்னிலை மூன்றாகி
மூன்றிலேயே நின்றது.
அதற்குள் தவ்பீக் மூச்சு வாங்கி முடித்திருந்தான்.
அந்த மூச்சை எந்தப் பத்தியில் எழுதுவது?
யார் பெயரில்?

ஐந்தொகை போட்டுப் பார்த்தால் இடிக்கிறது.

ஆட்டம் முடிந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் கேட்டேன்,
"வர்றியா, மாத்தா?"
துண்டைப் பிழிந்தான். பிழிய அதில் ஒன்றுமில்லை.
"எத்தனை நிமிஷம்?"
"ஆறு, ஏழு."
"ஆறு ஜாஸ்தி. நாலு சொல்லுங்க.
ரெண்டு ரெண்டா."

பேரம் பேசுகிறவன் கூட்டித்தானே கேட்பான்.
குறைத்துக் கேட்கிறவனை என்ன செய்வது?
எனக்குக் கோபம்கூட வந்தது,
ஏனென்று இன்னும் தெரியவில்லை.

இப்போது ரெஜினால்டு போனில்: "என்ன முடிவு?"
அவருக்குப் பதில் சொல்லாமல்
வேன்காரனைக் கூப்பிடுகிறேன்.
சனிக்கிழமை விடியக்காலை, திண்டுக்கல்லுக்கு.
பன்னிரண்டு பேர், அப்புறம் நானும் கோச்சும்.
வலது வரிசையில் ஒரு சீட் தனியாகக் குறித்துக்கொள்.
ஜன்னலோரம் வேண்டாம், நடைப்பக்கம்.
இடது காலை நீட்டுகிற மாதிரி.