நாலாம் பாகம்

வியாழன் சாயங்காலம், ஆறே முக்கால் காட்சி.
ஊரில் வெள்ளிக்கிழமைதான் திரைக்கு வரும்.
எங்களுக்கு ஒரு ராத்திரி முன்பே.
வளைகுடாவில் இருப்பவனுக்கு
முன்கூட்டிக் கிடைக்கிற ஒரே விஷயம் இதுதான்.
ஜுபைலிலிருந்து தம்மாம் ஒரு மணி நேரம்,
ஃபோர்மேன் காரில் நாலு பேர்,
டிக்கெட் எடுத்தாயிற்று,
எஃப் வரிசை, பதினொன்று, பன்னிரண்டு.

பன்னிரண்டு யாதகிரிக்கு.
கரீம்நகர்க்காரன். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது.
தெலுங்கிலும் வருகிறதே, அதற்குப் போயேன் என்றேன்.
வேண்டாம், நீ சொன்ன பாஷையிலேயே பார்க்கிறேன் என்றான்.
நான் எந்த பாஷையில் சொன்னேன்?
இரண்டு வருஷம், கேம்ப் அறையில்,
மேல் கட்டிலிலிருந்து கீழ்க் கட்டிலுக்கு,
பாதி இந்தி, பாதி தெலுங்கு, மீதி கையால்.
இருட்டில் கை தெரியாது என்பதை
வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

அரசி, அவள் ஏறிவரும் இருதலைப்புள்,
கடலுக்குள் இறங்கிப்போகும் படிக்கட்டு.
ஜன்னலுக்கு வெளியே சுத்திகரிப்பு ஆலையின் தீ
ராத்திரி முழுக்க எரியும்.
அந்த வெளிச்சத்தில் படித்ததால்
என் பறவைக்குச் செம்மஞ்சள் சிறகு.
படத்தில் நீலம் பூசியிருக்கிறார்கள்.
பரவாயில்லை, அதைப் பொறுத்துக்கொள்வேன்.

பயம் வேறு.

ஐந்து பாகத்தில் என்னிடம் இருப்பது நாலு.
திருச்சியிலிருந்து வந்தவரின் பெட்டியில்
ஊறுகாய் எண்ணெய் குடித்து வந்து சேர்ந்தன
ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து.
நாலாவது அச்சில் இல்லையாம்.
ஆறு வருஷமாக இல்லை.

மூன்றின் கடைசிப் பக்கத்தில் பறவைக்கு இரண்டு தலை.
ஐந்தின் முதல் பக்கத்தில் ஒன்று.
நடுவில் என்ன நடந்தது?
கீழ்க் கட்டில் கேட்டது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
அன்று ஷட்டவுன் வேலை, பன்னிரண்டு மணி நேரம்.
திறந்த வாய் மூடவில்லை,
அதிலிருந்தே ஒருவனை உண்டாக்கினேன்.
பெயர் கொட்டாவி.
படையோடு போகும் நொண்டிச் சமையல்காரன்.
குறை உப்பில் இல்லை, உன் நாக்கில் என்று
அரசியின் முகத்துக்கு நேரே சொல்பவன்.
அவன்மேல் பாய்ந்த அம்பைப்
பறவை தன் இடது தலையில் வாங்கிக்கொண்டது.

கீழே வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு மூக்கை உறிஞ்சினான்.

அப்புறம் அரசியைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.
சம்பளம் மூன்று மாதம் நின்றபோது,
'கொட்டாவி இன்றைக்கு என்ன சமைத்தான்?'
மகள் பிறந்த செய்தி வந்த ராத்திரி,
விடுப்புக் கிடைக்காத ராத்திரி,
'கொட்டாவிக்கு இனிப்புச் செய்யத் தெரியுமா?'
தெரியும் என்றேன்.
போர்க்களத்தில் வெல்லத்துக்கு எங்கே போவான் என்று
விடிய விடிய இரண்டு பேரும் யோசித்தோம்.

வியாழக்கிழமை அவன் தேடுவான்.
பெயர்கள் ஓடும்போதே தேடத் தொடங்குவான்.
இடைவேளையில் என்னைத் திரும்பிப் பார்ப்பான்,
கையில் பாப்கார்னோடு.
அதை நினைத்தால் வயிற்றில் என்னவோ செய்கிறது.

எனக்கும் ஓர் ஆசை உண்டு, சொல்ல வெட்கம்:
அந்தத் தலை உண்மையில் எப்படிப் போயிற்று?
படித்தவர்கள் சொல்ல வந்தபோதெல்லாம்
காதைப் பொத்திக்கொண்டவன் நான்.
இப்போதும் பாதி மனசு பொத்திக்கொள்ளவே சொல்கிறது.

நேற்று ராத்திரி, சொல்லிவிடலாம் என்று
கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டேன்.
முன்னோட்டத்தை நிறுத்தி வைத்து
இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தான்.
'அண்ணா, தேக்கோ.'
பறவையின் வாலுக்குப் பின்னால், புகைக்குள்,
அண்டாவோ கேடயமோ எதையோ சுமந்து ஒரு நிழல்.

இறங்கிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
ஓடவிட்டான். நிறுத்தினான். மறுபடி ஓடவிட்டான்.
இடது கால்
கொஞ்சம் இழுக்கிற மாதிரிதான் இருக்கிறது.