சும்மா இருந்த கைகள்

முதல் வரைபடத்தில்
அடுப்பைச் சுவரோரம் வைத்திருந்தேன்.
மேசைக்கு நேர்மேலே
தாழத் தொங்கும் செம்பு விளக்கு.
போட்டோவில் அழகாய் விழும்.

லமாரா தாளைப் பார்த்தாள்.
என் தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு
முதுகுக்குப் பின்னால் நின்று
என்னவோ சொன்னாள்.
சொன்னாள் என்பதே
திரும்பிய பின்தான் தெரிந்தது:
கைகள் இன்னும் காற்றில்.

அவளுக்கும் நுக்ஸாருக்கும்
காது கேட்காது.
திபிலிசியின் விளிம்பில்
காசு போட்டால் ஏறும் லிஃப்ட்,
ஏழாம் மாடி, இரண்டு அறை.

அடுப்பு நடுவுக்கு வந்தது.
விளக்கு கூரையோடு ஒட்டிக்கொண்டது,
முகங்களுக்குக் குறுக்கே நிற்காமல்.
பூப்போட்ட சுவர்த்தாளைக் கிழித்தோம்;
பூக்களுக்குள் விரல்கள் தொலைகின்றனவாம்.
உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்து
அவளே தேர்ந்த மங்கல் நீலம்.
நீள்மேசையை விற்று
வட்டமாய் ஒன்று வாங்கினோம்.
கம்பளம் மட்டும் கூடவே கூடாது என்றான் நுக்ஸார்.
குதிகாலால் பலகைத் தரையைத் தட்டினான்;
அடுத்த அறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.
கீழ்வீட்டுக்காரரும்
மேலேறி வந்து கத்தினார்.
அவர் கத்தியது
எனக்கு மட்டும் கேட்டது.

குடிபுகுந்த இரவு எட்டுப் பேர்.
வாழ்த்துச் சொல்ல எழுந்த தேமூரி
ஒயின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான்
தொடங்கினார்.
இரண்டு கையும் வேண்டுமே.
நெடுநேரம் பேசினார்.
மேசையே குலுங்கச் சிரித்தார்கள்.

நான் வரைந்த அறையில்
மொழி தெரியாத ஒரே ஆள் நான்.
வெளிச்சம் என்னவோ சரியாகத்தான் விழுந்தது,
மடியில்
சும்மா இருந்த என் கைகள்மேலும்.