பழைய எண், புதிய எண்

தச்சநல்லூரில் எங்கள் கதவுக்கு இரண்டு எண்.
பழையது பதினெட்டு, புதியது நாற்பத்தொன்று.
கூரியர் பையன் பழையதில் போய் நின்றுகொண்டு
புதியதைக் கேட்டு ஃபோன் அடிப்பான்.
அதனால் இது மட்டும் எனக்கு உடனே விளங்கியது:
வெளியே எட்டாயிரத்து எண்பது, உள்ளே எண்பது,
நடுவில் ஒரு முக்காற்புள்ளி.

மற்றது எதுவும் விளங்கவில்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர்,
வேறு இடமில்லாமல் தையல் மெஷின் மேல் இருக்கிறது.
அதற்குள் இரண்டு கன்டெய்னர்கள்.
ஒன்றில் ட்ரிப் கணக்கு.
மற்றது தினமும் காலை ஆறு மணிக்கு
வெளியே போய் டீசல் விலை கேட்டு வர வேண்டும்.
போகவில்லை.

"கன்டெய்னர் வெளிய போக மாட்டேங்கு" என்றேன் ஃபோனில்.
துறைமுக கேட் வரிசையில் நின்ற முத்துமாலைக்கு
கன்டெய்னர் என்றால் நாற்பதடிதான்.
"சீல் இருக்கா? பேப்பர் யார் பேருக்குப் போட்டிருக்கு?"
"இது எடையில்லாத பெட்டிங்க."
"எடையில்லன்னா வாடக எப்படிப் போடுவாவ?"

இரவு பத்தரை. கரண்ட் இரண்டு தடவை கண் சிமிட்டியது.
பெட்டிக்குள் இறங்கி நின்று
எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன், நாலு எட்டு.
முப்பத்தொரு மில்லி நொடியில் பதில்.
பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
அப்படி ஓர் ஊரே இல்லை என்றது.

ரோடு இருக்கிறது. பாலமும் இருக்கிறது,
உள்ளே போட்டிருக்கும் இணைப்புக்குப் பெயரே பாலம்தான்.
கொக்கிரகுளத்துப் பாலத்தில் நின்று
மேலப்பாளையத்துக்கு எப்படிப் போக என்றால்
வண்டியை நிறுத்தியாவது ஒருவர் சொல்வார்.
இங்கே யாரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறது?
பேப்பர் யார் பேருக்குப் போட்டிருக்கு?

அந்தத் தாளைத் திறந்தேன். ஒரே வரி.
நூற்றிருபத்தேழு, சைபர், சைபர், ஐம்பத்து மூன்று.
நூற்றிருபத்தேழில் தொடங்கினால்
உன்னிடமே கேள் என்று பொருள்.

என் கம்ப்யூட்டருக்கு அது சரி.
அங்கே அந்தக் கதவுக்குப் பின்னால்
ஒருவர் உட்கார்ந்து பதில் சொல்கிறார்.
பெட்டிக்குள் யாரும் இல்லை.
போன வாரம் வேறு ஏதோ கோளாறுக்கு
என் வீட்டுத் தாளை நகலெடுத்து
நான்தான் அதன் கையில் திணித்திருந்தேன்.
அதை நம்பி அது ஏழு நாளாக
தன்னையே கேட்டு,
ஐந்து நொடி பொறுத்து,
மறுபடியும் தன்னையே கேட்டு,
ஒவ்வொரு தடவையும்
தவறு எத்தனை மணிக்கு நடந்தது என்பதை மட்டும்
ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறது.

எனக்கு என்னமோ போலாகிவிட்டது.
எளவு, ஒரு வரி.
அழித்தேன். நிறுத்தி, திரும்ப எழுப்பினேன்.
விலை வந்து விழுந்தது, பைசா சுத்தமாக.

முகவரியை அனுப்பினேன்.
வல்லநாட்டில் டீக்கு நிறுத்தியிருந்தவர் கூப்பிட்டார்.
"சுத்திக்கிட்டே இருக்கு, தெறக்கல."
"அங்கன தெறக்காது. வெளிக்கதவ நான் தொறந்துவிடல.
ஊர்ல போறவன் வாரவன்லாம் நம்ம கணக்கப் பாக்கணுமா?
வீட்டு வைஃபைல மட்டுந்தான்."
"பொறவு எனக்கு எதுக்கு அனுப்புன?"
அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஒன்றே முக்காலுக்கு கேட் சத்தம்.
பைபாஸில் வண்டியைப் போட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார்,
சட்டையெல்லாம் கிரீஸ்.
செருப்பைக் கழற்றும் முன்பே
ஃபோன் வீட்டைப் பிடித்துக்கொண்டது.
வாசலில் நின்றபடியே மேலும் கீழும் தள்ளினார்.
டீசல் பாக்கி பதினோராயிரத்து நானூற்று அறுபது,
சிவப்பு எழுத்தில். அதைத் தாண்டிப் போனார்.

"திருப்பூர் ட்ரிப்பு ஒண்ணு விட்டுப்போச்சே" என்றார்,
நிமிராமல்.